நான்கு கலர்ச் சட்டைகளின் கதை



வரலாற்று வாத்தியார் பதிவு போட்டால் ராஜராஜன், பானிபட், வேலூர்ப் புரட்சி என்றுதான் இருக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு அதெல்லாம் இல்லை. பால்வாடி வயதுப் பிள்ளைகளுக்காகக் குதித்துக் குதித்துப் பாடும் ஓர் ஆஸ்திரேலியப் பாட்டுக் கோஷ்டியின் வரலாற்றை எழுதப்போகிறேன். "சாருக்கு வயசாயிடுச்சு" என்று சிரிக்க வேண்டாம். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். முடிவில் என் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அதைத் தீர்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2014-ஆம் ஆண்டுக் கடைசியில் நானும் என் மனைவியும் சிட்னியில் இருக்கும் மகள் வீட்டுக்கு முதல் தடவையாகப் போனோம். பேத்திக்கு அப்போது மூன்று வயது. அவளை அதுவரை போன் திரையில்தான் பார்த்திருந்தோம். நேரில் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ என்னைக் கண்டதும் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நான் பேசும் தமிழ் அவளுக்குப் புரிந்தது, ஆனால் பதில் இங்கிலீஷில் வரும். அந்த ஊர் உச்சரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. முப்பத்தைந்து வருஷம் வகுப்பெடுத்தவனுக்கு மூன்று வயதுப் பிள்ளையிடம் பேசத் தெரியவில்லை. பாட்டியிடம் இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டாள். என்னிடம் பத்து நாளாகியும் வரவில்லை.

அந்த வீட்டில் காலை ஏழு மணிக்கே டிவியில் ஒரு கூத்து ஆரம்பமாகிவிடும். மஞ்சள், சிவப்பு, ஊதா, நீலம் என்று ஆளுக்கொரு நிறத்தில் கழுத்தை ஒட்டிய முழுக்கைப் பனியன் போட்ட நான்கு பேர், மூன்று ஆண்கள், ஒரு பெண். கூடவே ஒரு பச்சை டைனோசர், ஒரு நாய், ஓர் ஆக்டோபஸ், ஒரு கடற்கொள்ளைக்காரன். எல்லோரும் கையை ஆட்டி இடுப்பை ஆட்டிப் பாடுவார்கள். பேத்தியும் தலையில் பெரிய மஞ்சள் ரிப்பன் பூ வைத்துக்கொண்டு, டிவிக்கு முன் நின்று அத்தனையும் ஆடுவாள். "விடிஞ்சதும் விடியாததுமா இது என்னம்மா இரைச்சல்?" என்று மகளிடம் சலித்துக்கொண்டேன். "அது விக்கிள்ஸ்ப்பா. இந்த ஊர்ல அது இல்லாம பிள்ளை வளக்க முடியாது" என்றாள்.

ஒரு நாள் மதியம் சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன். காதுக்குப் பக்கத்தில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது கேட்டது. மூன்று முடிந்ததும் "எழுந்திரு!" என்று ஒரு பெரிய கத்தல். அலறியடித்து எழுந்தேன். பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். என் கண்ணையே பார்த்தாள். நான் ஏதோ புரிந்தவன்போல மறுபடி கண்ணை மூடிக் குறட்டை விட்டேன். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, கத்தல். அன்று மாலைக்குள் இருபது தடவையாவது தூங்கி எழுந்திருப்பேன். இரவில் சாப்பாட்டுக்கு என் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று மகள்தான் சொன்னாள். ஊதாச் சட்டைக்காரர் பாட்டின் நடுவே நின்றபடியே தூங்கிவிடுவாராம். அரங்கில் இருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து கத்தி அவரை எழுப்ப வேண்டுமாம். அந்தக் கூத்தை யார் யோசித்தார்கள், ஏன் யோசித்தார்கள் என்று தேடப்போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன். மனைவி தையல் மாதிரி ஏதாவது உருப்படியான வேலையைக் கற்றுக்கொள்ளச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

கதை 1979-இல் சிட்னியில் தொடங்குகிறது. ஃபீல்ட் என்ற குடும்பத்துச் சகோதரர்கள் பால், ஜான், ஆன்டனி மூவரும் சேர்ந்து ஓர் இசைக்குழு ஆரம்பித்தார்கள். பெயர் 'தி காக்ரோச்சஸ்', அதாவது கரப்பான் பூச்சிகள். குழந்தைகளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மதுக்கடைகளிலும் விடுதிகளிலும் இரவு நேரத்தில் வாசித்துக் கூட்டத்தை ஆடவைக்கிற ராக் அண்ட் ரோல் கோஷ்டி அது. கீபோர்டு வாசித்தவர் ஜெஃப் ஃபாட், சீன வம்சாவளியில் வந்த ஆஸ்திரேலியர். 1987-இல் 'ஷீஸ் தி ஒன்' என்ற அவர்களின் பாட்டு நாடெங்கும் பிரபலமானது. வருஷம் முழுக்க ஊர் ஊராகப் பயணம்.

1988-இல் மூத்தவர் பால் ஃபீல்டின் கைக்குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோனது. எந்த நோயும் இல்லாத பிள்ளை காரணமே தெரியாமல் தூக்கத்தில் போய்விடும் கொடுமை அது. அந்தத் துக்கம் குழுவையே உலுக்கியது. ஆன்டனி ஃபீல்ட் சிட்னியில் உள்ள மக்குவாரி பல்கலைக்கழகத்தில், பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளுக்கான ஆசிரியர் படிப்பைத் தொடர்ந்தார். அண்ணன் மகளின் மரணம்தான் கடைசியில் விக்கிள்ஸ் உருவாக வழிவகுத்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அங்கே இருவர் கிடைத்தார்கள். மரே குக் என்பவர் மதுக்கடை இசைக்குழு ஒன்றில் கிட்டார் வாசித்துவிட்டு, கொஞ்சம் வயதான பிறகு படிக்க வந்தவர். கிரெக் பேஜ் இளைஞர். காக்ரோச்சஸ் குழுவுக்குச் சாமான் தூக்கி, சில நாள் பாடவும் செய்தவர். ஆன்டனி சொல்லித்தான் அந்தப் படிப்பில் சேர்ந்தார். ஏறத்தாழ 200 பேர் படித்த அந்தப் பிரிவில் ஆண்கள் பத்துப் பேர் அளவில்தான். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது பொம்பளை வேலை என்ற நினைப்பு நம் ஊரில் மட்டும் இல்லை, அங்கும் இருந்திருக்கிறது.

1991. படித்துக்கொண்டிருக்கும்போதே ஆன்டனிக்கு ஒரு யோசனை. வகுப்பில் குழந்தை மனதைப் பற்றிக் கற்றதையெல்லாம் பாட்டாக்கி ஒரு கேசட் போட்டால் என்ன? நண்பர்கள் சேர்ந்தார்கள். ராக் இசையின் துள்ளல் வேண்டும் என்பதற்காக, "கொஞ்ச நாளைக்கு மட்டும்" என்று பழைய தோழர் ஜெஃப் ஃபாட்டைக் கூப்பிட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் இருபத்தொரு வருஷமானது! பல்கலைக்கழகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான இசைப் பிரிவில் இருந்த ஃபிலிப் வில்ச்சர் என்ற இசைஞர் ஐந்தாவது ஆளாக இருந்து, முதல் தொகுப்புக்குப் பிறகு விலகினார். குழந்தைகள் ஆடுவது நம்மைப்போல் தாளக்கட்டோடு இருக்காது, நெளிந்து குலுங்கித்தான் ஆடும். அதற்கு இங்கிலீஷில் 'விக்கிள்' என்று பெயர். அதுவே குழுவின் பெயரானது.

இந்த இடத்தில் ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்தக் கேசட்டில் இருந்த ஒவ்வொரு பாட்டுக்கும் அவர்கள் ஒரு விளக்கக் கட்டுரை எழுதிக் கோப்பாக வைத்தார்கள். இந்தப் பாட்டு எதற்கு, இதனால் பிள்ளை எதைக் கற்கும் என்று. நாம் எழுதுவோமே பாடக்குறிப்பு, அதேதான். ஆய்வாளர் வருகிறார் என்று முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து நாம் எழுதிய பாடக்குறிப்பு எப்படிப்பட்டது என்று நமக்குத்தான் தெரியும். அவர்கள் குதித்தாடும் பாட்டுக்குப் பாடக்குறிப்பு எழுதியிருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி அந்தத் தொகுப்பை வெளியிட்டது. தூக்கத்தில் இறந்துபோன அந்தக் குழந்தைக்குத்தான் அதைச் சமர்ப்பணம் செய்திருந்தார்கள். அந்தக் குழந்தையின் தகப்பன் பால் ஃபீல்ட் பிற்காலத்தில் நெடுநாள் இந்தக் குழுவின் நிர்வாகப் பொறுப்பைச் சுமந்தார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஊரார் பிள்ளைகள் சிரிப்பதற்காக வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறார். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

படிப்பு முடிந்ததும் ஆன்டனியும் மரேயும் ஆசிரியர் வேலைக்குப் போனார்கள். பள்ளி விடுமுறையில் மட்டும் கச்சேரி. பெரிய மேடை கிடையாது. பால்வாடிகளும் கடைத்தெருக்களும்தான். ஆரம்பத்தில் டைனோசர் வேஷத்தையும் நாய் வேஷத்தையும் அவர்களே மாறி மாறிப் போட்டுக்கொண்டார்கள். பழைய காக்ரோச்சஸ் மெட்டுகள் சிலவற்றுக்கு வார்த்தையை மாற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மதுக்கடையில் பெரியவர்களை ஆடவைத்த தாளம் மூன்று வயதுப் பிள்ளையையும் ஆடவைத்தது. குழந்தைப் பாட்டென்றால் இழுத்து இழுத்துக் கொஞ்சிக் கொஞ்சிப் பாட வேண்டும் என்று யார் சொன்னது?

இனி அந்தத் தூக்கத்துக்கு வருகிறேன். குழுவில் மூன்று பேர் குழந்தைக் கல்வி படித்தவர்கள். ஜெஃப் ஃபாட் படிக்காதவர், கூச்ச சுபாவமும் உண்டு. பிள்ளைகளிடம் அவரை என்ன செய்ய வைப்பது? ஒன்றும் செய்ய வேண்டாம், தூங்குங்கள் என்றார்கள். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வெற்றியானது. காரணத்தை யோசித்துப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் நாள் முழுக்கப் பெரியவர்கள் கட்டளைதான். எழுந்திரு, பல் தேய், சாப்பிடு, கத்தாதே, தூங்கு. இங்கே மட்டும் ஒரு பெரிய ஆள் பொறுப்பில்லாமல் தூங்குகிறார், பிள்ளை அவரை எழுப்புகிறது. கத்தினால் திட்டு இல்லை, பாராட்டு. உலகத்தைக் கொஞ்ச நேரம் தலைகீழாகப் பிடித்துக் காட்டுகிறார்கள். என் பேத்தி பத்து நாள் என்னிடம் வராததற்கும், அன்று மடியில் ஏறியதற்கும் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. ஆளுக்கொரு நிறம் ஏன்? எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் நிறம் தெரியும். கடற்கொள்ளைக்காரன் கையில் வாளுக்குப் பதில் ஓர் இறகு. பயமுறுத்தாமல் கிச்சுக்கிச்சு மூட்டுகிற கொள்ளைக்காரன் அவன். பிள்ளைகளோடு நின்று படமெடுக்கும்போது இரண்டு கையின் ஆட்காட்டி விரல்களையும் தூக்கி ஆட்டியபடி நிற்பார்கள். பார்ப்பதற்கு ஏதோ ஸ்டைல்போலத் தெரியும். தங்கள் கை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே வைத்துக்கொண்ட முறை அது. பிறர் பிள்ளையின் மேல் கைபடாமல் அன்பு காட்டுவது எப்படி என்று ஆரம்பத்திலேயே யோசித்திருக்கிறார்கள். இதை நம் பள்ளிகளில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டுமே கல்வி என்பது இவர்கள் கண்டுபிடித்ததில்லை. 1837-இல் ஜெர்மனியில் ஃப்ரோபெல் தன் முதல் பள்ளியைத் தொடங்கி, பின் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம் என்று பெயர் வைத்தபோதே, பாட்டும் விரல் விளையாட்டும் அதில் பாடமாக இருந்தன. 1844-இல் தாய்மார்களுக்கான பாட்டுப் புத்தகமே போட்டார் அவர். ஆஸ்திரேலியாவிலும் 1966 முதல் ஏபிசியில் 'ப்ளே ஸ்கூல்' என்ற நிகழ்ச்சி நடந்து வருகிறது. விக்கிள்ஸ் செய்தது வேறு. குழந்தைக் கல்வியின் பழைய ஞானத்தையும், மதுக்கடை மேடையில் கற்ற ராக் தொழிலையும் ஒன்றாகக் குழைத்தார்கள். சில வருஷம் கழித்து, 1998-இல், அதே சிட்னியில் 'ஹை-5' என்று ஐந்து இளைஞர்கள் கொண்ட இன்னொரு ஆட்டக்குழு வந்து அதுவும் உலகம் சுற்றியது. அது தொலைக்காட்சித் தயாரிப்பாளர்கள் ஆள் பொறுக்கிச் சேர்த்த குழு. இது வகுப்பறையில் தானாக முளைத்தது.

ஆனால் வளர்ச்சி சும்மா வந்துவிடவில்லை. தொலைக்காட்சித் தொடர் எடுக்கத் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டார்கள். 1998-இல் செவன் தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பானது. யார் சொல்லியும் பிள்ளைகளுக்கான விஷயத்தில் கைவைக்க விடக்கூடாது என்ற பிடிவாதம். அமெரிக்கா போனபோது, வீடியோ கேசட் கடைகளின் கார் நிறுத்துமிடங்களில் கையால் எண்ணிவிடக்கூடிய கூட்டத்துக்கு ஆடினார்கள். 'பார்னி' என்ற ஊதா டைனோசரின் மேடை நிகழ்ச்சியில் இடைவேளையின்போது வந்து பாடினார்கள். சொந்த ஊரில் புகழ்பெற்றவர்கள் அயலூரில் இடைவேளைக் கலைஞர்கள்!

2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்தது. பலர் அந்த நகரத்து நிகழ்ச்சிகளை ரத்துசெய்த நேரத்தில், இவர்கள் சொன்னபடி போய் ஆடினார்கள். அந்த நகரம் அதை மறக்கவில்லை. 2003-இல் அங்கேயுள்ள புகழ்பெற்ற மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் 12 நிகழ்ச்சிகள், அத்தனைக்கும் டிக்கெட் தீர்ந்துபோனது. அதன் பிறகு ஆஸ்திரேலியாவிலேயே அதிகம் சம்பாதிக்கும் கலைஞர்கள் பட்டியலில் சினிமா நட்சத்திரங்களை விஞ்சி இவர்கள் பெயர் முதலில் வந்தது. 2010-இல் நால்வருக்கும் 'ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா' விருது. பால்வாடி வாத்தியார்களுக்கு நாட்டு விருது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சோதனையும் வந்தது. மஞ்சள் சட்டைக்காரர் கிரெக் பேஜ், மேடையின் முன்னணிப் பாடகர், எழுந்து நின்றாலே ரத்த ஓட்டம் தடுமாறி மயக்கம் வருகிற நோயால் 2006 நவம்பரில் விலகினார். அதே மஞ்சள் சட்டையை சாம் மோரன் என்பவர் அணிந்தார். ஐந்து வருஷம் கழித்து, 2012 ஜனவரியில், உடல் தேறிய கிரெக் திரும்பி வந்தார். சாம் வெளியே போக வேண்டியதாயிற்று. அந்த ஊர்ப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. ஐந்து வருஷத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மஞ்சள் சட்டை என்றால் சாம்தானே? குழந்தை மனதை அவ்வளவு படித்தவர்களும் அந்த ஒரு முறை சறுக்கினார்கள் என்பது என் அபிப்பிராயம். நல்லவர்களின் வரலாற்றிலும் இப்படி ஒரு பக்கம் இருக்கும். அதை மறைத்து எழுதினால் அது வரலாறு இல்லை, வாழ்த்து மடல்.

அந்த ஆண்டு முடிவில் கிரெக், மரே, ஜெஃப் மூவரும் ஓய்வுபெற்றார்கள். இந்தத் தடவை பாடம் கற்றிருந்தார்கள். ஏழு மாதம் முன்பே அறிவித்து, புதியவர்களைக் கூடவே மேடையேற்றிப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டுப் போனார்கள். மஞ்சள் சட்டை எம்மா வாட்கின்ஸ் என்ற பெண்ணுக்கு. நால்வரில் ஒருவராக வந்த முதல் பெண் அவர்தான். ஊதா லாக்லன் கில்லெஸ்பிக்கு, தூங்கும் வேலையும் சேர்த்து. சிவப்பு சைமன் பிரைஸுக்கு. நீலம் மட்டும் ஆன்டனி ஃபீல்டிடமே.

என் பேத்தி பார்த்தது இந்த நால்வரைத்தான். அந்த டிசம்பரில் சிட்னி ஒலிம்பிக் பூங்காவில் நடந்த கச்சேரிக்கு எங்களையும் அழைத்துப் போனார்கள். அரங்கம் முழுக்க மஞ்சள் ரிப்பன்கள். எல்லா நாட்டு முகங்களும் இருந்தன. சீனப் பிள்ளை, லெபனான் பிள்ளை, நம் பிள்ளை. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு பாட்டையும் ஆரம்பித்தார்கள். மூன்று வயதுப் பிள்ளையால் முடியாத ஓர் அசைவும் ஆட்டத்தில் இல்லை. ஊதாச் சட்டைக்காரர் தூங்கினார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒன்றாகக் கத்தியபோது என் பேத்தி கத்தாமல் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது.

கிரெக் பேஜின் கதை இன்னும் மிச்சமிருக்கிறது. 2020 ஜனவரி 17, சிட்னியின் காசில் ஹில் பகுதியில் காட்டுத்தீ நிவாரணத்துக்காகப் பழைய நால்வரும் சேர்ந்து பெரியவர்களுக்கு மட்டுமான ஒரு கச்சேரி நடத்தினார்கள். முடிந்து மேடையை விட்டு இறங்கும்போது கிரெக் சுருண்டு விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. கூட்டத்தில் ரசிகையாக வந்திருந்த ஒரு நர்ஸ் ஓடிப்போய், மற்றவர்களோடு சேர்ந்து நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தார். அந்தக் கட்டடத்தில் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியும் இருந்தது. மனிதர் பிழைத்தார். அதன் பிறகு ஊரெங்கும் அந்தக் கருவியை வைக்க வேண்டும், எல்லோரும் முதலுதவி கற்க வேண்டும் என்று 'ஹார்ட் ஆஃப் தி நேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கி உழைத்துவருகிறார். பிள்ளைகளே, வாத்தியார் சொல்கிறேன், சி.பி.ஆர். கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மதியம் போதும். 108 வருவதற்கு முந்தைய சில நிமிஷங்களில்தான் உயிர் இருக்கிறது.

2022 ஜனவரியில் மகள் சிரித்துக்கொண்டே போன் செய்தாள். ட்ரிபிள் ஜே என்று அங்கே இளைஞர்களுக்கான வானொலி உண்டு. வருஷத்தின் சிறந்த 100 பாட்டுகளை நேயர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். நாட்டுக்கே திருவிழா மாதிரி. அந்த வருஷம் முதலிடம் விக்கிள்ஸுக்கு! 'டேம் இம்பாலா' என்ற ராக் இசைக்காரரின் 'எலிஃபன்ட்' பாட்டை, தங்கள் 'ஃப்ரூட் சாலட்' பாட்டோடு கலந்து பாடியிருந்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் யார்? மூன்று வயதில் டிவிக்கு முன் நின்று ஆடிய அதே பிள்ளைகள், இப்போது இருபது, முப்பது வயதில். அதற்கு முந்தைய வருஷம்தான் குழுவில் நால்வரோடு இன்னும் நால்வரைச் சேர்த்திருந்தார்கள். எத்தியோப்பியாவில் பிறந்த பெண், ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண், பிலிப்பைன்ஸ் வம்சாவளி இளைஞர் என்று அந்த அரங்கில் நான் பார்த்த முகங்கள் மேடைக்கும் வந்துவிட்டன.

இனி என் கணக்கு.

வகுப்பில் நான் ஓர் ஆண்டைச் சொன்னால் உடனே "இதே ஆண்டில் நம் பக்கம் என்ன?" என்று கேட்பேன், ஞாபகம் இருக்கிறதா? 1789 என்றால் பிரெஞ்சுப் புரட்சி, சரி, அப்போது இங்கே திப்பு என்ன செய்துகொண்டிருந்தார் என்று. அந்தப் பழக்கம் விடவில்லை. சிட்னியில் மூன்று பேர் பாடக்குறிப்பு எழுதிக் கேசட் போட்ட 1991-இல் நம் பக்கம் என்ன? ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பு, புதிய பொருளாதாரக் கொள்கை. நம் பள்ளிக்கூடத்தில்?

அந்த வருஷம் நான் பொறுப்புத் தலைமையாசிரியர். பொறுப்பு என்ற சொல் தலைக்கு ஏறியிருந்த காலம். ஒன்றாம் வகுப்புக்கு வேலைக்குச் சேர்ந்து சில வருஷமே ஆன ஒரு டீச்சர். பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, கையை ஆட்டி, காலைத் தட்டி, தானும் குதித்துப் பாடச் சொல்லித் தருவார். அந்தப் பக்கமே அதிரும். அடுத்த கட்டடத்தில் பத்தாம் வகுப்புக்கு அரையாண்டுத் தேர்வு. ஒரு நாள் போய், பிள்ளைகள் முன்னாலேயே, "டீச்சர், இது பள்ளிக்கூடமா, திருவிழாவா? ஆட்டம் போடவா சம்பளம் வாங்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் சத்தம் இல்லை. கைகட்டி, வாய்மேல் விரல் வைத்து உட்கார்ந்திருந்தது ஒன்றாம் வகுப்பு. நான் எட்டிப் பார்த்துத் திருப்தியோடு திரும்பி வந்தேன். ஒழுக்கம் வந்துவிட்டது என்று அடுத்த கூட்டத்தில் பெருமையாகவும் சொன்னேன்.

போன மாதம் அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். சுற்றி வளைக்காமல், "டீச்சர், அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்:

"நீங்க பேசினதெல்லாம் மறந்துபோச்சு சார். ஆனா அடுத்த வருஷம் மூணாம் வகுப்பு வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனேனே, அது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணாம் வகுப்பு எடுக்கவே இல்லை."

அவர் மூன்றாம் வகுப்பு கேட்டதை முன்னேற விரும்புகிறார் என்று நினைத்து நானேதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 'பரவாயில்லை' என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லவும் வேண்டியதில்லை.

அவரிடமும் பாடக்குறிப்பு இருந்திருக்கும். நான் கேட்கவே இல்லையே. அந்த வட்டத்தில் நின்று ஆடிய பிள்ளைகளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். உங்களில் சிலர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். உங்கள் பாட்டை நிறுத்தியவன் நான்தான். உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாட்டில் ஒன்றிரண்டு வரி யாருக்காவது ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள். டீச்சரிடம் படித்துக் காட்டுகிறேன்.

தலைமையாசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று. ஒன்றாம் வகுப்பில் சத்தம் கேட்டால் உடனே எழுந்து போகாதீர்கள். போனாலும் வாசலில் நின்று முதலில் பாட்டு என்னவென்று கேளுங்கள்.

பேத்திக்கு இப்போது பதின்மூன்று முடிந்துவிட்டது. வீடியோ அழைப்பில் வந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடிவிடுகிறாள். போன வாரம் பேசும்போது நான் பேச்சின் நடுவே கண்ணை மூடித் தலையைச் சாய்த்தேன். "தாத்தா, ப்ளீஸ்" என்று சலித்துக்கொண்டாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள்.

எல்லோரும் நலமாக இருங்கள். பிள்ளைகளை ஆடவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்